ஓரங்களை வளர்க்கும் அடுப்பு

ஆட்டோகிளேவ் என்ற தடித்த எஃகுக் குடுவையைத்தான் நான் போன ஆய்வகத்தில் முதலில் எடுத்துக் காட்டினார்கள். உள்ளே டெஃப்லான் கிண்ணம். கரைசலை ஊற்றி, மூடியை இறுக்கி, 200 டிகிரி அடுப்பில் வைத்தால் மறுநாள்தான் திறக்கலாம். நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க பிளாட்டினத்துக்கு மாற்றாகத் தேடப்படும் மாலிப்டினம் டைசல்ஃபைடு, பல இடங்களில் இன்றும் இப்படித்தான் உருவாகிறது. அதே வேலையைப் பக்கத்து மேசையிலிருந்த மைக்ரோவேவ் கருவி சில நிமிடங்களில் முடிக்கிறது.

அதை இயக்கும் ஆய்வு மாணவியை மற்றவர்கள் அக்கா என்றே அழைக்கிறார்கள். அம்மோனியம் மாலிப்டேட், தயோயூரியா இரண்டையும் நிறுத்துத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினார். குப்பி நிறையவில்லை. “மேல இடம் விடணும் சார், இல்லன்னா பிரஷர் எகிறிடும்” என்றார். நிறமில்லாமல் உள்ளே போனது கன்னங்கரேலென்று வெளியே வந்தது. ஆறவிட்டு, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் மூடியைத் திறந்தார். அப்படியும் அழுகிய முட்டை நாற்றம் எட்டிப் பார்த்தது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நச்சு வாயு; அவர் அங்கே அவசரப்படவே இல்லை.

வீட்டு மைக்ரோவேவிலும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைதான். 2016இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மணீஷ் சோவாலா குழுவினர், சாதாரண அடுப்பில் ஓரிரு விநாடித் துடிப்புகளாலேயே கிராஃபீன் ஆக்சைடைத் தரமான கிராஃபீனாக்கிக் காட்டினார்கள். ஆனால் மூடிய குப்பிக்கு வெப்பத்தையும் அழுத்தத்தையும் கண்காணிக்கும் கருவி வேண்டும். வீட்டில் செய்துபார்க்கிற வேலை அல்ல இது.

நேரம் மிச்சமாவதுதான் பெரிய லாபம் என்று நினைத்துப் போனேன். அங்கே தெரிந்துகொண்டது வேறு. எஃகுக் குடுவையில் சூடு சுவரிலிருந்து மெதுவாக உள்ளே நகர்கிறது. மைக்ரோவேவில் நீர் மூலக்கூறுகளே அலையின் ஆற்றலை வாங்கிக்கொள்வதால் கரைசல் உள்ளிருந்தே சட்டென்று சூடேறுகிறது. ஒரே நேரத்தில் எங்கெங்கும் படிகக் கரு தோன்றுகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடுத் தகடுகள் பெரிதாக வளர அவகாசமில்லை. சிறிய தகடுகள் என்றால் ஓரங்கள் அதிகம். ஹைட்ரஜன் பிரியும் வினை நடப்பது பெரும்பாலும் ஓரங்களில்தான். தகட்டின் பரப்பு ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. பரப்பளவை அல்ல, ஓரத்தின் நீளத்தையே வினையின் வேகம் பின்தொடர்கிறது என்பதை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹராமில்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் காட்டினார்கள். அந்த ஓரங்களுக்காகத்தான் இவ்வளவு அவசரமும்.

அவசரம் கருவியோடு முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் கைவேலை. தூளை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் நீரை இறுத்து, மறுபடி தண்ணீர், மறுபடி எத்தனால். நீர் தெளியும்வரை விடமாட்டார். பிறகு மின்முனை. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய கண்ணாடிக் கார்பன் வட்டத்தை, அலுமினா தூவிய துணியில் எட்டு வடிவில் தேய்த்துக்கொண்டே இருந்தார். முகம் தெரிகிற பளபளப்பு வந்ததும் தூளைக் கலக்கிய வினையூக்கி மையைப் பிப்பெட்டால் ஒரே ஒரு சொட்டு வைத்தார். மை விளிம்பில் மட்டும் திரண்டு காய்ந்தால் அளவீடு பொய் சொல்லும். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வுக்கட்டுரையில் இந்தப் பகுதிக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். கட்டுரையின் வரைபடத்தின் நம்பகம் முழுக்க அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது என்பேன்.

மின்முனையைக் கந்தக அமிலத்தில் இறக்கி மின்னழுத்தம் கொடுத்ததும் கறுப்பு வட்டத்தின் மேல் குமிழிகள் அரும்பின.

இதையே பெரிய பாத்திரத்தில் செய்ய முடியாதா என்று கேட்டேன். “அலை தண்ணிக்குள்ள ரொம்ப ஆழம் போகாது சார், ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான்” என்றார். பாத்திரத்தைப் பெரிதாக்கினால் நடுப்பகுதிக்கு அலை எட்டாது. அதனால் மெல்லிய குழாயில் கரைசலை ஓடவிட்டு, ஓடும்போதே சூடாக்கும் முறையைப் பலரும் முயல்கிறார்கள். அவரும் பம்பு ஒன்றுக்கு எழுதிப்போட்டிருக்கிறார். அது வரும்வரை இதே செய்முறையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே விடை வருகிறதா என்று பார்க்கப்போகிறார். அடுத்த குப்பிக்கான தயோயூரியா அதற்குள் தராசில் ஏறியிருந்தது.