குண்டாறும் பூஜ்யமும்

குற்றாலச் சீசன் தொடங்கிவிட்டால் காலைப் பேப்பரில் முதலில் அணை நிலவரத்தைத்தான் பார்ப்பேன். கடனா, ராமநதி, கருப்பாநதி, அடவிநயினார் எல்லாம் ஏறும், இறங்கும். குண்டாறு மட்டும் நிரம்பிய பிறகு 36.10 அடியிலேயே நிற்கும். சின்ன அணை. அதற்கு மேல் வருகிற தண்ணீர் வழிந்து போய்விடும், எண் அசையாது. ஒரு பத்தியில் அதிக முறை வரும் மதிப்பை ‘முகடு’ என்று பள்ளியில் படித்தோமே, அதை எனக்குப் புரியவைத்தது இந்த 36.10தான்.

அந்தப் பாடத்துக்கு வகுப்பு வருகைப் பதிவேடே போதுமாக இருந்திருக்கும். எங்கள் தென்காசி, பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசிவிஸ்வநாதர் கோயில் உள்ள ஊர், விசுவநாதனுக்கும் உலகம்மாளுக்கும் குறைவிருக்காது. குற்றாலத்திலிருந்து வருகிறவர்களில் குற்றாலிங்கமும் குழல்வாய்மொழியும் உண்டு. எல்லாரையும் மிஞ்சியது இசக்கி. சார் பெயரைச் சொன்னதும் மூன்று மூலையிலிருந்து “உள்ளேன் ஐயா” கேட்கும். பிறகு இனிஷியலோடு கூப்பிடுவார்.

இதே பெயர்களைப் பிற்பாடு கணினியில் பார்த்தேன். முகடு கண்டுபிடிக்கும் எக்செல்லின் ‘மோட்’ எண்களுக்குத்தான் பதில் சொல்லும், பெயர்ப் பத்தியைக் கொடுத்தால் பிழை காட்டும். பைவட் டேபிள் போட்டு எண்ணிக்கையை இறங்குவரிசையில் அடுக்கவேண்டும். வினையே அங்கேதான். விசுவநாதன், விஸ்வநாதன், காசிவிஸ்வநாதன் மூன்றும் அதற்கு மூன்று பேர். ஓட்டுப் பிரிந்து தோற்ற வேட்பாளர் மாதிரி விசுவநாதன் கீழே கிடப்பார். தமிழில் இசக்கிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்தால் ‘ஐ’யில் தொடங்குபவர், ‘ஈ’யில் தொடங்குபவர் என்று அவளும் இரண்டாகிவிடுவாள். பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு இதெல்லாம் டவுன் பஸ்ஸிலேயே காதில் விழுகிற பேச்சு.

அணை நிலவரத்துக்குப் பக்கத்திலேயே மழையளவும் போட்டிருப்பார்கள். தென்காசியின் ஒரு வருட மழையை நாள்வாரியாக அடுக்கி முகடு கேட்டால் வருவது பூஜ்யம். பொய்யில்லை. பெய்த நாள்களில் 2.4, 11.6, 7.8 என்று ஆளுக்கொரு எண், ஒன்றைப்போல ஒன்று வருவது அபூர்வம். பெய்யாத நாளுக்கோ ஒரே எண்தான். அதனால் அது ஜெயித்துவிடுகிறது. ஊர் மழைமானி பூஜ்யம் காட்டுகிற அன்றுகூட மேலே மலையில் பெய்திருந்தால் குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டும், குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். அந்தப் பத்தியை மட்டும் நம்பி யாராவது குற்றாலத்தை வறண்ட ஊர் என்று எழுதினால், தப்பு சூத்திரத்தின் மேல் இல்லை.

ஆகவே மழைக்கணக்கு பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெய்த நாள்களை முதலில் தனியே பிரித்துவிடுங்கள். அளவு எடுக்காமல் விட்ட நாளின் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாகவே விடுங்கள்.