விடுபட்ட வசனம்

அயல்வீட்டுக் கிறித்தவப் பெரியவர் நாள்தோறும் விளக்கு வைத்தபின் ஐந்து சங்கீதங்களை வாசிக்கக் கேட்பார். அவ்வாறு கேட்டால் 150 சங்கீதங்களும் 30 நாளில் நிறைவுறும். அவரது கண்ணொளி குன்றியபின் மகளே வாசித்துவந்தாள். அவள் வெளியூர் சென்றிருந்த ஒரு மாலை, “மாஸ்டர், இண்டைக்கு நீங்கள் வாசிப்பியளோ?” என்று வேலிக்கு அப்பாலிருந்து எம்மை அழைத்தார்.

நெற்றியில் நீற்றுடன் நின்ற நாம் சற்றே தயங்கினோம். 1850இல் வெளிவந்த பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலரல்லரோ! அந்த எண்ணத்தோடு சென்று நூலைத் திறந்தோம்.

கடமை முடிந்தாற் போதுமென்று விரைந்தோம் போலும். “ஒரு வசனத்தை விட்டிட்டியள், மாஸ்டர்” என்றார். பார்த்தோம், மெய்தான்.

எமது வீட்டுத் தேவாரத்தில் எத்தனை அடிகள் இவ்வாறு விடுபட்டனவோ! அங்கே கேட்டிருந்து திருத்துவார் ஒருவருமிலர்.

அச்சங்கீதத்தை முதலிலிருந்து மீண்டும் வாசித்தோம்.