பட்லியாவின் பூர்வீகம்

நர்சரிக்காரர் ‘ஊட்டிச் செடி’ என்று சொல்லித்தான் பட்லியாவை விற்றார். ஊதாப் பூக்கள் கூம்புக் கூம்பாகப் பூத்து வண்ணத்துப்பூச்சிகளை இழுக்கும் புதர். ஊட்டியில் இருப்பதில் பாதி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அவனுக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்று தேடத் தொடங்கினேன்.

செடியின் பெயரில் இருக்கும் ஆடம் பட்ல், பாசிகளை ஆராய்ந்த ஆங்கிலேயப் பாதிரியார். 1715-லேயே இறந்துவிட்டார், இந்த ஊதாச் செடியைப் பார்த்தவரில்லை. இது சீனத்துச் செடி. 1869-ல் சிச்சுவான் மலைகளில் இதைச் சேகரித்தவர் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பாண்டா கரடியை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. விதை பாரிஸ் வில்மொரான் பண்ணைக்குப் போனது 1890-களில். அனுப்பியவர் ஷான் ஆந்த்ரே சூலியே, பாரிஸ் அந்நிய மிஷன் சபைப் பாதிரியார்.

இந்தச் சபையின் பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதுச்சேரி மறைமாவட்டத்தை நெடுங்காலம் நடத்தியது இதே சபைதான். சண்டைக்குப் பயந்து கம்போடியக் கரையோரத்திலிருந்து கிளம்பிய அதன் குருமடம், பிஞ்ஞோ தெ பெஹேன் தலைமையில் 1770-ல் வந்து சேர்ந்த இடம் புதுச்சேரியை அடுத்த எங்கள் வீராம்பட்டினம். பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் பலர் படமெடுத்துக்கொள்ளும் செங்கல் சுவர்கள் அந்தச் சபையின் மிஷன் வீட்டின் மிச்சம். பட்லியா விதை இந்த வழியாக வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்தச் சபை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

“உப்புக்காத்துல இது நிக்குமா தம்பி?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நியாயமான கேள்வி. கடற்கரை மணலில் நேராக நட்டால் நிற்காது. தொட்டியில் செம்மண், மணல், மக்கிய சாணி எரு கலந்து, கடல்காற்றுக்குச் சுவர் மறைப்பாக வைத்தேன். காலை வெயில் போதும். மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைக்காவிட்டால் வேர் அழுகிவிடும். புதுத் தளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால், மழை ஓய்ந்ததும் கவாத்துக்குத் தயங்கக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். வெட்டியதில் பூக்காத, பாதி முற்றிய குச்சியாகப் பார்த்து, நாலு கணு விட்டு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் ஊன்றி நிழலில் மூடி வைத்தால் வேர் பிடிக்கிறது. இத்தனை செய்தும் சமவெளி வெயிலில் கஞ்சமாகத்தான் பூக்கிறது.

குளிர்நாட்டில் கதையே வேறு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் இடிபாடுகளில் இது காடாக மண்டியது. காற்றில் பறக்கும் பொடி விதை, சுண்ணாம்புக் காரையிலேயே முளைத்துவிடும். இன்று பிரிட்டனில் ரயில் பாதையோரக் களை. ஊட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் வாடிய பூங்கொத்தை விதை கட்டும் முன்பே வெட்டிவிடுவது நல்லது.

இங்கே அதற்கு வேலையில்லை. வேறு கவலை உண்டு. பட்லியா தேன் தரும், நம் ஊர்ப் புழுக்களுக்கு இலை தராது. வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கு வேண்டும், கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலை. மணலில் தானாக முளைக்கும் கிலுகிலுப்பையை நீல வரியன்கள் மொய்ப்பது தேனுக்காக மட்டுமல்ல. காய்ந்த தண்டிலும் நெற்றிலும் உள்ள ஒரு காரச்சத்தை ஆண்பூச்சிகள் உறிஞ்சி, இணையைக் கவரும் வாசனை தயாரிக்கின்றன. வேலியோரத்து எருக்கை வெட்ட ஆள் வந்தபோது வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டேன்.