ஆடிப் பெருக்கில் கொல்லிமலை

செம்மேடு, கொல்லிமலை
4.8.2024

அன்புள்ள தோழிக்கு,

சிங்கப்பூரில் இருந்துகொண்டே பதினெட்டாம் பெருக்குக்குப் பவானிக் கூடுதுறைப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். இந்த வருஷம் அனுப்ப வழியில்லை. மேட்டூர் அணை ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்டுவிட்டது. கட்டிய நாளிலிருந்து இது 43-ஆவது முறை என்கிறார்கள். லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டிருப்பதால் பவானியில் ஆற்றில் இறங்கத் தடை. போன வருஷம் இதே நாட்களில் காவிரியில் தண்ணீர் விடச் சொல்லிக் கர்நாடகத்தோடு மல்லுக்கட்டினோம். இந்த வருஷம் கரையில் நிற்காதே என்று போலீஸ்காரர் துரத்துகிறார்.

வழி சொன்னது அத்தைதான். “ஆத்துக்குப் போகலீன்னா என்ன கண்ணு, ஆத்த அனுப்பற மலைக்குப் போலாம்” என்றார். ஐயாறு கொல்லிமலையில் பிறந்து ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கமாக இறங்கிக் காவிரி திசைக்குத்தானே ஓடுகிறது! காதோலை கருகமணியைப் பையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பிவிட்டோம். பெரியவள் பிளஸ் டூ என்பதால் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். சின்னவனுக்கு வில் போட்டி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காரவல்லியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வழியில் பாறை வெட்டி நிற்கிற இடங்களில் எல்லாம் என் கண் மண்ணையே பார்த்தது. வயநாட்டு நிலச்சரிவுச் செய்தியைக் கேட்ட பிறகு அப்படிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் விழாவைச் சொல்லிவிடுகிறேன். ஆடி 17, 18 இரண்டு நாளும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அரசு நடத்துவது. ஓரி சிலைக்கு மாலை போடுகிறார்கள், மலர்க் கண்காட்சி இருக்கிறது, துறைவாரியாக ஸ்டால்கள், மாலையில் கலை நிகழ்ச்சி. கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கு அவன் ஆண்ட மலையிலேயே, அவன் மலையின் மக்கள் நடுவிலேயே விழா நடப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனதாக வன்பரணர் புறநானூற்றில் பாடிய அந்த ஓரிதான். திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். ஆட்சி கைமாறி எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. மாலை விழுவது என்னவோ தோற்றவன் கழுத்தில்தான்.

வில் போட்டியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பையன், பதினாலு வயது இருக்கும். கால் அகட்டி நின்று, நாணை மோவாய் வரை இழுத்து, மூச்சை நிறுத்துகிறான். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை சிவந்திருக்கிறது. அம்பு போனதும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த அம்பை எடுக்கிறான். சின்னவன் என் கையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

அதே நேரத்தில் பாரிஸில் ஒலிம்பிக் வில்வித்தை நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தீரஜ் பொம்மதேவரா, அங்கிதா பகத் ஜோடி வெண்கலப் போட்டியில் அமெரிக்காவிடம் தோற்று நான்காவது இடத்தோடு திரும்பியது. சனிக்கிழமை தீபிகா குமாரி காலிறுதியில் கொரியாக்காரியிடம் தோற்றார். சிக்னல் கிடைத்த இடத்தில் என் கணவர் போனை நீட்டிப் பிடிக்க, நாலைந்து பேர் சுற்றி நின்று பார்த்தோம். தீபிகா ராஞ்சிப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள், சிறு வயதில் மூங்கில் வில் வைத்துப் பழகியவர். வில்வித்தையில் இந்தியாவுக்கு இதுவரை ஒரு ஒலிம்பிக் பதக்கமும் இல்லை. ஓரி மலையில் வருஷத்துக்கு இரண்டு நாள் நடக்கிற போட்டி அதோடு முடிந்துபோகக் கூடாது. இங்கே நிரந்தரமாக ஒரு பயிற்சி மையமும் நல்ல வில்லும் இருந்தால், அந்தப் பையன் எங்கே போய் நிற்பான் என்று யோசித்துப் பார்.

ஆடிப் பெருக்கு அன்று காலையில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடினாரே, அந்தச் சாமி. நல்ல கூட்டம். மலைக்காரர்களும் கீழ்நாட்டுக்காரர்களும் கலந்து நிற்கிற கோயில் இது. இவரும் பிள்ளைகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கையைப் பார்க்கப் போனார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, நான் அவரோடு மேலேயே இருந்தேன். ஆற்றோரம் உட்கார்ந்து மஞ்சள் கயிறு, காதோலை, கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டார். பக்கத்தில் வளப்பூர் நாட்டு அம்மா ஒருத்தர் தன் மருமகளுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்கும் ஒன்று கட்டிவிட்டார். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே வந்தால் முடவாட்டுக்கால் சூப்புக் கடை. நீ பார்த்திருக்க மாட்டாய். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற கிழங்கு, மேலே செம்பட்டை ரோமம் அடர்ந்து ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கடைக்கார அம்மா கத்தியால் ரோமத்தைச் சுரண்டித் தோலைச் சீவினால் உள்ளே வெளிர்பச்சை. அதைத் துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிக் கொதிக்க விடுகிறார். மிளகும் இந்த மலை மிளகு. மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். அத்தை இரண்டு டம்ளர் குடித்தார். எனக்குக் கொஞ்சம் கவலைதான். வருகிறவர்கள் எல்லாம் கிழங்கைக் கிலோக் கணக்கில் பையில் போட்டுக்கொண்டு போகிறோம், பாறையில் அது மறுபடி பிடிக்க எத்தனை காலம் ஆகுமோ.

இனி என் மனதை அரித்துக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போனது உனக்குத் தெரியும். இருநூறு பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். நம் நீலகிரிக்காரர்களும் அதில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011-இல் கொடுத்த அறிக்கையில் வைத்திரி தாலுகா முழுவதையும் மிக எச்சரிக்கையாகக் காக்க வேண்டிய முதல் வகையில் வைத்திருந்தது. அதைத் தள்ளிவைத்துக் கஸ்தூரிரங்கன் குழு போட்டார்கள். இப்போது, நிலச்சரிவுக்கு மறுநாள் தேதியிட்டு, மத்திய அரசு அந்த மலைப் பகுதியைக் காப்பதற்கான வரைவு அறிவிக்கையை ஆறாவது முறையாக வெளியிட்டிருக்கிறது. காட்கில் அறிக்கை வந்து பதிமூன்று வருஷம் ஆகியும் வரைவிலேயே நிற்கிறது. இது எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு. கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சியில் தனியாக நிற்பதால் அந்தப் பட்டியலில் இடமில்லை. அங்கே பெய்கிற அளவு மழை இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் சரிவு சரிவுதானே?

நாங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா மலையாளிப் பழங்குடி. எங்கள் அத்தை வயது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு துண்டு நிலம். ஒன்றில் குச்சிக்கிழங்கு. ராத்திரி பெய்த மழைக்குப் பிறகு காலையில் போய்ப் பார்த்தேன். கிழங்குச் செடி இன்னும் இடுப்பு உயரம்கூட வரவில்லை. செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மண், அதில் விரல் ஆழத்துக்கு வாய்க்கால் அறுத்துச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த துண்டில் சாமையும் ஊடே அவரையும். அங்கே மண்ணே கண்ணில் படவில்லை. வரப்போரம் கசிந்த தண்ணீர்கூடக் கலங்கலாக இல்லை. தை மாசிக்கு மேல் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவை மறுபடி கிளறித்தான் ஆக வேண்டும்.

“பின்னே ஏங்கம்மா கிழங்கு?” என்று கேட்டேன்.

“கிழங்குக்கு லாரி வருது தாயி. சாமைக்கு யாரு வரா?”

லாரி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஜவ்வரிசித் தொழிலுக்கு 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். சாமைக்குப் பின்னால் அந்த அளவுக்குப் பலமான அமைப்பு இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே உழைத்து மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பழைய ரகங்களை விதை வங்கியில் காப்பாற்றியது. உமி நீக்கும் இயந்திரமும் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு முன் உரலில் குத்தியே பெண்களுக்குத் தோள் போய்விடும். சாமையை விட்டதற்கு அந்த உலக்கையும் ஒரு காரணம் என்று இந்த அம்மாவே சொன்னார். இன்னொரு காரணம் ரேஷன் அரிசி. அரிசி வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, இந்த மலையில் பசியை விரட்டியது அதுதான்.

ஆனால் 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினோம். அதே வருஷம் மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது தமிழக அரசு. நல்ல வேலை. அதையே கொல்லிமலையில் சாமைக்குச் செய்தால் என்ன? அரசே நல்ல விலைக்கு வாங்கி, நாமக்கல் ஜில்லா ரேஷனிலும் சத்துணவுக் கூடங்களிலும் போடட்டும். லாரி வந்தால் சாமை தானாகத் திரும்பும், சரிவும் மூடும். நிலச்சரிவு என்றதும் நாம் தடுப்புச் சுவரையும் எச்சரிக்கைக் கருவியையும் மட்டும் பேசுகிறோம். சரிவில் என்ன விளைகிறது, அதற்கு யார் விலை வைக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

ராத்திரி பெரியவள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிய பேச்சை எடுத்தாள். ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்றதே, அது. 2009-இல் நாம் அருந்ததியருக்குக் கொடுத்த 3 சதவீதம் நிலைத்தது எனக்கு மகிழ்ச்சி. “மலையாளிகளுக்கு இதனால் என்னம்மா?” என்றாள். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் ஏறக்குறைய பாதி இவர்கள்தான், 2011 கணக்குப்படி. எல்லாப் பழங்குடிக்கும் சேர்த்து இருப்பது 1 சதவீதம். அதைப் பங்கு போடுகிற பேச்சு நாளை வந்தால், பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும், இவர்களும் இழக்கக் கூடாது. 1 சதவீதத்தைக் கூட்டாமல் அது நடக்காது என்றேன். சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு இருப்பதே ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். இந்த மலை சேந்தமங்கலத்தில் வருகிறது. ஆக, கேட்கிற குரல் இங்கிருந்தும் போக வேண்டும்.

வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஆகஸ்டு பதினஞ்சுல கிராம சபை வச்சிருக்காங்க, அங்க சொல்லலாமா?” என்றார். சொல்லலாம், தீர்மானமாகவே போடலாம் என்றோம். பெரியவள் தன் கெமிஸ்ட்ரி நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். சாமையை அரசு வாங்க வேண்டும். கொல்லிமலை ரேஷன் கடையில் சாமை வேண்டும். உமி நீக்கும் இயந்திரம் பழுதானால் உடனே சரிசெய்ய ஆள் வேண்டும். நான்காவதாக அவரே சேர்த்தது: மழைக் காலத்தில் எந்தச் சரிவில் ஆபத்து என்று ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

நாளை இறங்குகிறோம். ஈரோட்டில் புத்தகத் திருவிழா தொடங்கிவிட்டது, நீ கேட்ட புத்தகங்களை வாங்கி வைக்கிறேன். இரண்டு கிலோ சாமையும் எடுத்துக்கொண்டேன், உன் தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தீர்மானம் நிறைவேறியதா என்று பதினைந்தாம் தேதி ராத்திரியே அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி