கோடைகால ஜாபிதா

உதைபந்தாட்ட ரசிகனுக்கு வருஷத்தில் மிகவும் கஷ்டமான காலம் எது என்று கேட்டால், தன் கட்சி தோற்கும் காலம் என்று சொல்வீர்கள். இல்லை. மே மாதக் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை ஆட்டமே இல்லாத அந்த 11 வாரங்கள்தான். தோற்றால் திட்டுவதற்கு ஒரு நடுவராவது கிடைப்பார். ஓய்வுக் காலத்தில் யாரைத் திட்டுவது? ஆகவே ரசிகன் ஜாபிதா எழுத ஆரம்பிக்கிறான். யாரை வாங்கலாம், யாரை விற்கலாம், எந்த இடம் காலி, யாருடைய கால் எப்போது சரியாகும் என்று கணக்குப் போடுகிறான். கிளப்பில் அவனுக்குக் காலணா பாத்தியதை கிடையாது. ஆனாலும் கோடி கோடியாக வாங்கி விற்கிறான்.

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் பக்தர்கள் என்பது எனக்குத் தெரியும். உதைபந்தைப் பற்றிப் பேசவேண்டுமானால் நான் வங்காளத்து நண்பர்களையோ மலையாள நண்பர்களையோதான் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அதிர்ஷ்டவசமாக என் அறைத்தோழனே வங்காளி. நாங்கள் இருவரும் இங்கிலாந்தின் லிவர்பூல் கட்சி. "அந்த ஊருக்கும் உனக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். இன்றுவரை நான் தகுந்த பதில் சொன்னதில்லை.

என் ஜாபிதா நோட்டுப் புத்தகம் 2020-ம் வருஷம் அக்டோபரில் ஆரம்பமாகிறது. கல்லூரிகளெல்லாம் மூடிக் கிடந்த காலம். அந்த மாதம் 17-ம் தேதி எவர்ட்டனுடன் ஆட்டம். ஆரம்பித்துச் சில நிமிஷங்களுக்குள் எங்கள் சென்டர் பேக் வெர்ஜில் வான் டைக்கும் எதிர்க்கட்சி கோல் கீப்பர் பிக்ஃபோர்டும் மோதிக்கொண்டார்கள். வான் டைக்கின் வலது முழங்கால் போயிற்று. அடுத்த மாதம் இங்கிலாந்து அணியின் பயிற்சி முகாமில் ஜோ கோமஸின் முழங்கால். 2021 ஜனவரியில் மாட்டிப்பின் கணுக்கால். ஆக, மூன்று பெரிய சென்டர் பேக்குகளும் அந்தப் பருவம் முடியும்வரை படுக்கை. நடுவில் ஆடவேண்டிய ஃபபீன்யோவும் ஹெண்டர்சனும் பின்னால் போய் நின்றார்கள். பிறகு ஹெண்டர்சனுக்கும் காயம். பிப்ரவரி முதல் தேதி அவசர அவசரமாக இரண்டு பேரைப் பிடித்துவந்தார்கள். அவர்களில் பென் டேவிஸ் என்பவர் லிவர்பூலுக்காக ஒரு பந்தய ஆட்டம்கூட ஆடாமலே பின்னர் வேறு ஊர் போய்ச் சேர்ந்தார். சொந்த மைதானத்தில் தொடர்ந்து 6 லீக் ஆட்டங்கள் தோல்வி. கடைசியில் யாரும் பேர் கேட்டிராத இரண்டு பையன்களை, ஃபிலிப்ஸையும் வில்லியம்ஸையும், நிறுத்தி எப்படியோ மூன்றாம் இடம் பிடித்தார்கள்.

அந்த வருஷம் நான் கற்ற பாடம், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது திறமை மட்டுமல்ல, ஒரு சிறு நார் என்பது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள்ளே குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் இரண்டு நார்களில் முன்னால் இருப்பது அது. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். கீழ்க்கால் முன்னுக்கு வழுக்காமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஓடுகிறவன் சட்டென்று நின்று திரும்பும்போது, பாதம் புல்லில் பதிந்திருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அது கிழியும். கிழிந்தால் தானாகச் சரிவர ஒட்டாது. பெரும்பாலும் அவனுடைய உடம்பிலிருந்தே வேறொரு நாரை எடுத்து அங்கே பொருத்துவார்கள். பழையபடி ஆட 9 மாதமோ அதற்கு மேலோ ஆகும். பத்திரிகைகளில் இதை 'ஏ.சி.எல்.' என்று மூன்றெழுத்தில் போட்டுவிடுவார்கள். அந்த மூன்றெழுத்தைக் கண்டால் ரசிகனுக்கு வயிறு கலங்கும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். வயிறு கலங்குவது அந்த மனிதனுக்காக அல்ல. அவன் இடத்தில் யார் ஆடுவது என்பதற்காக.

நான் பௌதிக மாணவன். அளக்க முடியாததைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சம். ஆகையால் என் நோட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் திறமைக்கு ஒரு பத்தி, காயத்துக்கு ஒரு பத்தி. பருவத்தில் எத்தனை நாள் ஆடத்தக்க நிலையில் இருந்தார் என்று வகுத்துச் சதவீதம் எழுதுவேன். இங்கே 75 சதவீத வருகை இல்லாவிட்டால் நம்மைப் பரீட்சைக்கே உட்காரவிடமாட்டார்கள் அல்லவா? அந்த விதியை அப்படியே லிவர்பூலுக்கும் பொருத்திவிட்டேன். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் பதிவு செய்யக்கூடிய பெரியவர்கள் 25 பேர்தான். வாங்க விற்கக் கோடையில் ஒரு வாய்ப்பு, ஜனவரியில் ஒரு வாய்ப்பு. கட்டிலில் கிடக்கிறவர் பெயரும் அந்த 25-இல் ஒன்றை அடைத்துக்கொண்டிருக்கும்.

2025-ம் வருஷத்துக் கோடைக்கு வருகிறேன். ஏப்ரல் 27-ம் தேதி டாட்டனத்தை 5-1 என்று அடித்து லிவர்பூல் தன் 20-வது லீக் பட்டத்தை வாங்கியிருந்தது. விடுதியில் அன்று நாங்கள் செய்த கூத்தை இங்கே எழுதினால் வார்டன் படிக்கக்கூடும். ஜெயித்த கட்சிக்கு ஜாபிதா எழுதுவதில் தனி ருசி உண்டு. எழுத வேண்டிய அவசியமே இல்லாதபோது எழுதுவது எவ்வளவு சுகம்! வலது பேக் அலெக்சாண்டர்-அர்னால்டு மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஃப்ரிம்போங் வந்தாயிற்று. ஜூன் 20-ம் தேதி ஜெர்மனியிலிருந்து விர்ட்ஸ் வந்து சேர்ந்தார். அன்று ராத்திரியே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே அனல் காற்று. மின்விசிறி சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை.

மிச்சமிருந்த ஒரே கேள்வி நடு ஃபார்வர்ட். அந்த இடத்தில் இருந்தவர்களில் ஒருவர் டியோகோ ஜோட்டா. போர்ச்சுகல்காரர். வயது 28. சட்டை எண் 20. லிவர்பூலுக்கு 182 ஆட்டங்களில் 65 கோல். உயரமும் கிடையாது, பெரிய வேகமும் கிடையாது. பந்து எங்கே விழும் என்பது மட்டும் மற்றவர்களுக்கு அரை விநாடி முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் காயப் பத்தியைப் பாருங்கள். 2020 டிசம்பரில் முழங்கால். 2022 அக்டோபரில் கெண்டைக்கால். அதனால் கத்தார் உலகக் கோப்பையே போயிற்று. 2024 பிப்ரவரியில் மறுபடி முழங்கால். அதே வருஷம் அக்டோபரில் மார்பில் அடிபட்டு டிசம்பர்வரை இல்லை.

அறைத்தோழன் ஜோட்டா பக்கம். "22 விநாடியை மறந்துவிட்டாயா?" என்றான். அது 2025 ஜனவரியில் நாட்டிங்ஹாமில் நடந்தது. நம் கடிகாரத்தில் நடு ராத்திரி 1-30-க்கு ஆரம்பித்த ஆட்டம். லிவர்பூல் ஒரு கோல் பின்தங்கி நின்றபோது மாற்று ஆளாக ஜோட்டா உள்ளே வந்தார். வந்த 22-வது விநாடியில், முதல் முறையாகப் பந்தைத் தொட்டபோதே, தலையால் முட்டிக் கோல். கூச்சல் போட்டு விடுதியின் ஒரு பக்கத்தையே எழுப்பிவிட்டோம்.

"22 விநாடிக்காக 22 வாரம் காத்திருக்க முடியுமா?" என்று கேட்டேன். சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. ஜோட்டாவின் பெயருக்கு எதிரே எழுதினேன்: "விற்கலாம். உடம்பு நம்பத் தகுந்ததல்ல."

இரண்டு நாள் கழித்து, ஜூன் 22-ம் தேதி, அவருக்குக் கல்யாணம். நெடுநாள் தோழியை, தம் மூன்று குழந்தைகளின் தாயை, முறைப்படி மணந்துகொண்டார். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆடும்போது கால் சுளுக்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி" என்று நான் சொன்னேன். அறைத்தோழன்கூடச் சிரித்தான்.

ஜூலை 3-ம் தேதி வியாழக்கிழமை. மத்தியானம் சோதனைச்சாலையில் இருந்தேன். அறைத்தோழன் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. கைபேசியை மட்டும் நீட்டினான். ஸ்பெயினில் ஸமோரா பக்கத்தில், நெடுஞ்சாலையில், நள்ளிரவுக்குப் பின் கார் விபத்து. ஜோட்டாவும் அவருடைய தம்பி ஆன்ட்ரே சில்வாவும் மரணம். தம்பியும் உதைபந்தாட்டக்காரர்தான், வயது 25.

அன்று சாயங்காலம் அம்மாவின் தொலைபேசி. என் குரல் சரியில்லை என்று இரண்டு வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"யாருய்யா அது? உன்கூடப் படிச்ச பிள்ளையா?"

"இல்லம்மா. வெளிநாட்டுக்காரர். பந்து விளையாடுறவர்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"11 நாள்தான் ஆச்சு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அவங்க அம்மைக்கு வேற பிள்ளை இருக்கா?"

"ஒரு தம்பி இருந்தான். அவனும் அதே கார்லதாம்மா."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நான் எத்தனையோ பருவங்களாகப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு ஓர் அம்மை உண்டு என்ற பத்தி என் நோட்டில் இல்லை.

மறுநாள் வந்த செய்திகள்தான் என்னை இன்னும் வருத்தின. ஜோட்டாவுக்குச் சில நாட்களுக்கு முன் நுரையீரலில் சிறு சிகிச்சை நடந்ததாம். விமானத்தில் போகவேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்களாம். அதனால்தான் ஸான்டான்டர் துறைமுகத்துக்குக் காரில் கிளம்பியிருக்கிறார், அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து போய்ப் பயிற்சியில் சேர்வதற்கு. நம்பத் தகுந்ததல்ல என்று நான் எழுதிவைத்த அந்த உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு, சரியான நாளில் வேலைக்குப் போய்ச் சேர்வதற்காகத்தான் அவர் அந்த வழியில் போயிருக்கிறார். நான் எழுதியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும்; பௌதிகம் படிக்கிறவனுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டாம். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஜூலை 5-ம் தேதி கொண்டோமாரில் அடக்கம். லிவர்பூல் ஆட்டக்காரர்கள் வரிசையாகத் தேவாலயத்துக்கு நடந்து வந்ததைப் படத்தில் பார்த்தோம். முன்னால் வான் டைக். என் நோட்டின் முதல் பக்கத்து முழங்காலுக்குச் சொந்தக்காரர். அவர் கையில் 20 என்று எழுதிய சிவப்புச் சட்டை வடிவத்தில் ஒரு மலர்வளையம். பக்கத்தில் வந்த ராபர்ட்ஸன் கையில் தம்பியின் எண்ணான 30. அந்த முழங்கால் நன்றாகத்தான் நடந்தது. அன்று முதல் தடவையாக நான் அதைக் கால் என்று பார்த்தேன்.

ஜூலை 11-ம் தேதி கிளப் 20-ம் எண்ணை எந்த மட்டத்திலும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. ஆனால் ஆட்டம் நின்றுவிடுமா? நடு ஃபார்வர்ட் வேண்டும்தானே? அதே மாதத்தில் எகிட்டிகே வந்தார். ஆகஸ்டு 15-ம் தேதி போர்ன்மத்துடன் முதல் லீக் ஆட்டம். நமக்கு நள்ளிரவு 12-30. எகிட்டிகே முதல் கோலை அடித்தபோது நான் எழுந்து குதித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், குதித்தேன். 4-2 என்று ஜெயித்தோம். முடிந்தபின் சாலா ரசிகர்களின் முன்னால் தனியாக நின்று அழுதார். அறைத்தோழன் விளக்கை அணைத்துவிட்டான். அன்று நாங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

நோட்டை நான் எறிந்துவிடவில்லை. கிழித்துப் போட்டேன், திருந்திவிட்டேன் என்றெல்லாம் எழுதினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய். அந்த வரி அப்படியே இருக்கிறது. அடிக்கவும் மனம் வரவில்லை. அடித்தால் எழுதாதது போல் ஆகிவிடும். மேற்கொண்டும் எழுதுகிறேன். 2025 செப்டம்பர் 23-ம் தேதி ஜியோவானி லியோனி என்ற இத்தாலியப் பையன் லிவர்பூலுக்கு முதல் தடவையாக ஆடினான். முதல் ஆட்டத்திலேயே அந்த மூன்றெழுத்து. டிசம்பர் 20-ம் தேதி கோல் அடித்த அதே விநாடியில் இசாக்கின் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. ஜனவரிக்கு யாரை வாங்கலாம் என்று அறைத்தோழன் கேட்டபோது என் கை வழக்கம்போல் பேனாவைத் தேடிற்று. லியோனி என்று எழுதி, எதிரே "சென்டர் பேக் தேவை" என்று எழுதுவதற்கு முன் "வயது 18" என்று எழுதினேன். அதை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதவேண்டியதாயிற்று.

அம்மாவிடம் இந்தச் சங்கதிகளை இப்போது சொல்வதுண்டு. பெயர்கள் அவள் நாக்கில் நிற்பதில்லை. லியோனியின் முழங்காலைப் பற்றிச் சொன்ன அன்று, "உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க அங்க யாரு இருக்கா?" என்று கவலைப்பட்டாள். இசாக்கின் கால் முறிந்து சில நாள் கழித்துப் பேசியபோது, "அந்தக் கால் ஒடிஞ்ச பிள்ளை நடக்கானாய்யா?" என்று கேட்டாள்.

"எந்தப் பிள்ளைம்மா? ரெண்டு பேர் இருக்காங்களே."

"ரெண்டு பேரையுந்தான் கேக்கேன்" என்றாள்.