மூன்று மாதம் கிடந்த பெட்ரோல்

மழைக்கு முன் ஓரங்கட்டிய பவர் வீடரை நேற்று எடுத்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம்.

டேங்கைத் திறந்ததும் காரணம் புரிந்தது. பெட்ரோல் வாசனை இல்லை; பழைய வார்னிஷ் நெடி. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பிசின் போல மஞ்சள் படிவு, அதற்கும் கீழே சில சொட்டுத் தண்ணீர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மெயின் ஜெட்டின் ஓட்டை அடைத்திருந்தது. பலர் அதைக் கம்பியால் குத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம்! ஓட்டை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்து கரும்புகை தள்ளும். கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, காற்றடித்தாலே போதும். டேங்க் வடிகட்டியைக் கழுவி, விறைத்துப்போன குழாயை மாற்றினேன். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டபோது அப்படி ஒரு நிம்மதி!

மெஷினை ஒதுக்கி வைக்கப்போகிறவர்களே, டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் பெட்ரோலில் கை வைக்காதீர்கள்.