எட்டு போட வராதவள்

நீங்கள் டூவீலர் லைசென்ஸ் வாங்கியவர் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போட்டிருப்பீர்கள். காலை ஊன்றாமல் ஒரு சுற்று, அவ்வளவுதான். நான் மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை காலை ஊன்றினேன். மூன்றாவது முறை காலோடு சேர்த்து முழு உடம்பையும் ஊன்றிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "உங்களுக்கு எதுக்கும்மா வண்டி? ஆட்டோவுல போங்களேன்" என்றார். இன்றுவரை ஆட்டோவில்தான் போகிறேன்.

இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னிடம் இந்த மாதிரி நிறைய இருக்கிறது. மார்கழியில் நான் ஏழு புள்ளி வைத்தால் ஏழாவது புள்ளி பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும். தலை பின்னினால் மூன்று கால்களில் ஒன்று எப்படியும் வெளிநடப்பு செய்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மாதான் பின்னிவிட்டாள். இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டில், அதே கட்டில் காலில் இன்றைக்கும் இடித்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் இதற்கென்றே ஒரு வசனம் இருந்தது. "கைக்குப் பதிலா காலை மாட்டி அனுப்பிட்டானா ஆண்டவன்?" டம்ளர் விழும், வசனம் வரும். சில நாள் வசனத்துக்குப் பின்னால் கரண்டியும் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மகன் பாலைத் தட்டிவிட்டான். அவன் கைக்கு ஒரு குறையும் இல்லை. பம்பரத்தைச் சுற்றவிட்டு உள்ளங்கையில் ஏந்துகிறவன். அன்றைக்குப் பால் கொட்டியது தற்செயல். ஆனால் என் வாயிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. "கைக்குப் பதிலா காலை மாட்டி அனுப்பிட்டானா?"

அவன் அழவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அதே வயதில் நானும் அப்படித்தான் ஒளித்துக்கொள்வேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்க்ளிஃப், தனக்கு லேசான டிஸ்பிராக்ஸியா இருப்பதாகவும் ஷூ லேஸ் கட்டுவதே சிரமம் என்றும் 2008-ல் சொன்னதை எப்போதோ படித்தது ஞாபகத்துக்கு வந்தது. அப்போது 'பாவம், பெரிய நடிகருக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இப்போது எழுந்து உட்கார்ந்தேன். எனக்கும் லேஸ் கட்ட வராது. அதனால்தான் வாழ்நாள் முழுக்க செருப்பு.

அடுத்தது டாக்டர் படலம். முதலில் போன டாக்டர் தைராய்டு பார்த்தார், பி-12 பார்த்தார். எல்லாம் நார்மல். இரண்டாவது டாக்டர் மண்டையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதுவும் நார்மல். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் சார்" என்றேன். "நாப்பத்து மூணு வருஷம் ஓட்டிட்டீங்க, இன்னும் கொஞ்சம்தானே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குத்தான் சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டதே. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

நண்பர்களிடம் சொன்னால், "ஓ, 'தாரே ஜமீன் பர்' படத்துல வருமே, அதுவா?" என்றார்கள். அது இல்லை. 2007-ல் வந்த அந்தப் படத்தில் பையனுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா, எழுத்துகளோடு வரும் தகராறு. டிஸ்பிராக்ஸியா உடம்பு அசைவோடு வரும் தகராறு. கிரேக்கத்தில் 'பிராக்ஸிஸ்' என்றால் செயல். கையில் பலம் இருக்கும், அறிவு இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எந்த அசைவு முதலில், எது அடுத்து, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு தூரம் என்று மூளை போடும் திட்டம் சரியாகக் கைக்கு வந்து சேராது. மற்றவர்களுக்குத் தன்னால் பழகிவிடுகிற வேலையை இவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துச் செய்ய வேண்டும்.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர்'. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். 40 பேர் உள்ள வகுப்பென்றால் குறைந்தது 2 பேர். உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவார்களே, அவர்களாக இருக்கலாம். நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே, கற்றல் குறைபாடுகளின் வரிசையில், டிஸ்பிராக்ஸியா என்ற பெயர் இருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போனேன். என்னைவிட சின்னப் பெண். அவருடைய அறையில் இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள். இதற்கான பரிசோதனைகள் பெரும்பாலும் குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்டவை. பரவலாகப் பயன்படும் ஒன்றின் இரண்டாம் பதிப்பு 3 வயதில் தொடங்கி 16 வயதோடு முடிந்துவிடுகிறது. "வயசுக் கணக்குப்படி உங்களுக்கு மார்க் போட முடியாது. ஆனா நீங்க எப்படிச் செய்றீங்கன்னு பார்க்கலாம்" என்றார். ஓட்டைப் பலகையில் குச்சிகளைச் செருகினேன். இரண்டு கோட்டுக்கு நடுவே பேனாவை ஓட்டினேன். பந்தைப் பிடித்தேன், அதாவது, பொறுக்கினேன். பெரியவர்களுக்கான கேள்விப் பட்டியல் ஒன்றையும் நிரப்பச் சொன்னார்.

கடைசியில், "உங்க அம்மா இருக்காங்களா? கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டார். இந்தக் குறை நடுவில் வந்து ஒட்டிக்கொள்வது இல்லை, சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாட்சிக் கூண்டில் ஏறப்போவது கரண்டிக்குச் சொந்தக்காரி.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக எனக்கு வக்காலத்து வாங்கினாள். "நல்லா படிப்பா மேடம். எப்பவும் முதல் மூணு ரேங்க்குக்குள்ள."

"சரிம்மா. சட்டை பட்டன் எந்த வயசுல தானா போட்டுக்கிட்டாங்க?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சாவது முடியிற வரைக்கும் வரல மேடம். யூனிஃபார்ம் தைச்சு வந்ததும் நான் ராத்திரி உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் பிரிச்சுடுவேன். மேல சும்மா அழகுக்குப் பட்டனைத் தைச்சுட்டு, அடியில பிரஸ் பட்டன் வைப்பேன். ரெண்டு விரலால அழுத்தினா போதும். மத்த பிள்ளைங்க கேலி பண்ணக்கூடாதுல்ல? இவளுக்குக் கூடத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். எல்லார் சட்டையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப, அவங்களுக்கு முடியலைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். வரணுமேன்னுதான் திட்டினேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடிச்சும் இருக்கேன்" என்றாள்.

தெரபிஸ்ட் எழுதுவதை நிறுத்தி, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு மனநல மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஆமாம், அதுதான் என்றார். இதற்கு மாத்திரை கிடையாது. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழகலாம், சாமான்களை மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான். 'இந்த ஒரு பெயருக்காகவா இத்தனை அலைச்சல்?' என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் கேட்டார். நாற்பது வருஷமாக எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. கவனமில்லாதவள், சோம்பேறி, அலட்சியக்காரி. அவற்றை வைத்த இடத்தில் இப்போது ஒரே ஒரு பெயர் இருக்கிறது. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள், "அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லு."

"டிஸ்பிராக்ஸியா."

"வாயிலேயே நுழையல" என்றாள். சிக்னல் விழுந்து வண்டி நின்றது. "அப்பவே யாராவது சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

மகனிடம் அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குப் பால் விஷயம் மறந்தே போயிருந்தது. அல்லது மறந்த மாதிரி நடித்தான். இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எது கொட்டினாலும் யாரும் எதுவும் பேசக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அடிக்கடி கொட்டுகிற ஒரு ஆள் இருந்தால் முயற்சி செய்து பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்கிறாள். நாற்காலி முதுகில் மூன்று கலர் ரிப்பனைக் கட்டி, "சிவப்பை நடுவுல போடு, இப்ப பச்சை" என்று ஒவ்வொரு படியாக. போன வாரம் முதல் முறையாக என் தலையை நானே பின்னி முடித்தேன். மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சீப்பை எடுத்து நீட்டினாள்.